ஜாமீன் ஆர்டர் கையில் இருக்கு, மருந்துச் சீட்டு எங்கே?



ஜூன் 26 வந்தால் போதும், போதை ஒழிப்பு நாள் என்று ஊரே உறுதிமொழி எடுக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனர் பிடித்து ஊர்வலம் போகிறார்கள். பிடிபட்ட கஞ்சா மூட்டைகளை அடுக்கிவைத்து, பின்னால் அதிகாரிகள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நல்லது, நடக்கட்டும். ஆனால் அந்தப் படத்தில் வராத ஒரு ஆள் இருக்கிறார். மூட்டை கடத்தியவரைச் சொல்லவில்லை. சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு, அல்லது நாலு மாத்திரை அட்டையோடு பிடிபட்டு, இரண்டு மூன்று மாதம் புழலிலோ மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் கையில் ஒரு பையோடு வெளியே வருகிறாரே, அவர். இன்றைய பதிவு அவரைப் பற்றியது.

படிக்கும்போதே சிலருக்குக் கோபம் வரும். "கேஸ்ல போன பயலுக்கு எதுக்கு இவ்வளவு கரிசனம்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், பதில் சொல்கிறோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"மூணு மாசம் உள்ளே இருந்தான்ல, அதுலயே எல்லாம் விட்டுப்போயிருக்கும்." இந்தப் பேச்சு வீட்டிலும் கேட்கும், ஸ்டேஷனிலும் கேட்கும். வக்கீல்கூட அம்மாவுக்கு இப்படித்தான் ஆறுதல் சொல்வார். இது தப்பு. சும்மா தப்பு இல்லை, ஆளைக் கொல்லும் தப்பு.

ஹெராயினோ, வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் ஊசியோ, இந்த ரகப் போதையைத் தினமும் எடுக்கும் உடம்பு மெல்ல மெல்ல அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும். அதனால் அளவும் கூடிக்கொண்டே போகும். உள்ளே போய்ச் சில வாரம் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தாங்கும் சக்தி மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் ஆசை இறங்காது. வெளியே வந்த முதல் வாரத்தில் பழைய கூட்டாளி ஒருத்தன் எதிர்ப்படுவான். இவர் பழைய அளவையே போடுவார். மனசுக்கு அது பழைய அளவுதான், உடம்புக்கு அது இரண்டு மூன்று ஆளுக்கான அளவு. தூக்கம் வருவதுபோல இருக்கும், மூச்சு குறையும், பிறகு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கிறவன் 108க்குப் போன் பண்ணப் பயப்படுவான். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே போலீஸும் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

இது நம் கற்பனை இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் ஆபத்து, அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. போதை அளவு மிஞ்சிச் சாகும் ஆபத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் 129 மடங்கு. திரும்பப் படியுங்கள் தோழர்களே, நூற்று இருபத்தொன்பது மடங்கு. சிறைக் கதவுக்கும் பதினைந்தாவது நாளுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன இடைவெளி அது.

நம்ம ஊரில் அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? ஒரு ஜாமீன் ஆர்டர் இருக்கிறது. நகையை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டிய ஒரு அம்மா இருக்கிறார். ஜாமீன்தாரர் இருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய ஸ்டேஷன் இருக்கிறது. மருந்துச் சீட்டு மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். தண்டனை முடிந்து போகிறவருக்கு விடுதலைத் தேதி முன்னாடியே தெரியும், ஏற்பாடு செய்யலாம். ஆனால் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். 2022ஆம் ஆண்டுக்கான தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நூற்றுக்கு 75க்கும் மேல். அவர்களுக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு நீதிமன்றத்தில் உத்தரவு, நாளைக்கோ மறுநாளோ அது சிறைக்கு வந்து சேரும், பெயரைக் கூப்பிடுவார்கள், துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சிறை டாக்டருக்கே அடுத்த நாள்தான் தெரியும். அப்படியானால், வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வேலை இல்லை இது. உள்ளே வந்த முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை.

முதல் நாள் என்றதும் குடியையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் போதை என்றால் கஞ்சாவை மட்டும் பேசிவிட்டு டாஸ்மாக்கைப் பேசாமல் போவது எப்படி? தினமும் குடித்த ஆளை ரிமாண்ட் செய்து கிளைச்சிறையில் போட்டால், முதல் ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்துக் கத்துகிற நிலை. மருத்துவம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். அதை "நடிக்கிறான்" என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கஞ்சாவுக்குக் கதை வேறு. அளவு மிஞ்சி மூச்சு நிற்காது. ஆனால் தூக்கம் போகும், எரிச்சல் வரும், சிலருக்கு மனநோயாகவே முற்றும். அதற்கு மாற்று மாத்திரை என்று ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பேசுகிற ஆலோசகரும், விடாமல் கூப்பிட்டு விசாரிக்கிற ஒரு ஆளும்தான் வைத்தியம். ஆக, உள்ளே வருகிறவர் எதற்குப் பழகியவர் என்று முதல் நாளே கேட்டு எழுதினால்தான் எந்த வைத்தியம் என்றே தெரியும்.

ஊசிக்கும் ஹெராயினுக்கும் மருந்து இருக்கிறது. புப்ரநார்ஃபின், மெத்தடோன். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியாவின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் புப்ரநார்ஃபின் இருக்கிறது. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை. போதைக்கான ஏக்கத்தையும் உடம்பு முறுக்கலையும் அடக்கும், அளவோடு கொடுத்தால் ஆளைக் கிறங்க வைக்காது. காலையில் மருந்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஓ.எஸ்.டி. மையங்கள் வழியாக இந்த மருந்து நம் நாட்டில் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுத்தான் வருகிறது.

"போதைக்குப் பதில் போதையா?" என்று கேட்கிறவர்கள் நம் கட்சிக்குள்ளேயே உண்டு. மாத்திரையை வாங்கி வெளியே விற்கிறவனும் இருக்கிறான், அதையும் மறைக்கவில்லை. அதனால்தான் நர்ஸ் முன்னாலேயே கரைத்துவிட்டுப் போ என்று சொல்கிறார்கள். ஊசியில் ஏற்ற முடியாதபடி நலாக்சோன் கலந்த மாத்திரையும் இருக்கிறது. திருட்டு நடக்கும் என்பதற்காக ரேஷன் கடையை மூடிவிடுகிறோமா என்ன?

டெல்லி திகார் சிறையில் 2008லேயே இந்த மாற்று மருந்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பஞ்சாபில் 2017இல் வெளிநோயாளி கிளினிக்குகளாகத் தொடங்கி, பிறகு சிறைகளுக்குள்ளும் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகள் முழுக்க இதைக் கொண்டுவந்தது. அவர்கள் செய்ததில் கவனிக்க வேண்டியது, மருந்தை உள்ளே கொடுத்ததோடு நிற்காமல், வெளியே வந்ததும் அதே மருந்தைத் தொடர எந்த கிளினிக் என்பதையும் முடிவு செய்து அனுப்பினார்கள். 2016இன் முதல் ஆறு மாதத்தில், சிறையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாதவர்களில் 26 பேர் போதை அளவு மிஞ்சிச் செத்திருந்தார்கள். 2017இன் அதே ஆறு மாதத்தில் அது 9. சின்ன மாநிலம், சின்ன எண்தான். ஆனாலும் அந்தப் பதினேழும் பதினேழு வீடு.

ஸ்காட்லாந்து இன்னொரு வழியையும் சேர்த்துக்கொண்டது. மூச்சு நிற்கிற நேரத்தில் போதையை முறிக்கிற நலாக்சோன் மருந்தை, 2011 முதல், ஆபத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போகக் கொடுத்தார்கள். சிறையை விட்டுப் போகிறவர் கையிலும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் ஓபியாய்டு மரணங்களில் 9.8 சதவீதம் விடுதலையான நான்கு வாரத்துக்குள் நடந்தவை. அடுத்த மூன்று ஆண்டில் அது 6.3 சதவீதமாக இறங்கியது. நம்ம ஊரில் நலாக்சோன் ஆஸ்பத்திரி ஊசியாக மட்டும்தான் தெரியும். தன் பிள்ளையைக் காப்பாற்ற அப்படி ஒரு மருந்து உலகத்தில் இருக்கிறது என்பதே பெத்தவங்களுக்குத் தெரியாது.

சரி, சட்டம் இடம் கொடுக்கிறதா? நிறையவே கொடுக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்றால் எல்லோருக்கும் ஜாமீன் கிடைக்காத 37ஆம் பிரிவுதான் ஞாபகம் வரும். அதே சட்டத்தில் 39ஆம் பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ தண்டனை பெறும்போது, ஜெயிலுக்கு அனுப்பாமல் அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிற பிரிவு அது. 64ஏ பிரிவு இருக்கிறது. இதே மாதிரிச் சிறு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட இடத்திலோ முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்தே விலக்கு. 71ஆம் பிரிவு சிகிச்சை மையங்கள் திறக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. கஞ்சா என்றால் ஒரு கிலோ வரைக்கும் சிறு அளவு, ஹெராயின் என்றால் 5 கிராம் வரைக்கும். அன்றாடம் பிடிபடுகிற பொட்டலக் கேஸ் பல இந்தக் கணக்குக்குள்தான் வரும். எத்தனை பேருக்கு இந்தப் பிரிவுகளை யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? உங்கள் ஏரியாவில் கேஸ் நடத்தும் வக்கீல் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவு. குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே அது கணக்கில் எடுக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல மையம் அமைக்க வேண்டும் என்று 103ஆம் பிரிவு சொல்கிறது. வெளியே கிடைக்கிற அதே தர வைத்தியம் கைதிக்கும் வேண்டும், போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை அறுபடாமல் தொடர வேண்டும் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகளும் எழுதி வைத்திருக்கின்றன. எழுத்துக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் இணைப்புக்குத்தான். இதைச் செய்யவே முடியாது என்று சொல்கிற அதிகாரிகளுக்கு ஒரு கேள்வி. காசநோய்க்கு எப்படிச் செய்கிறீர்கள்? சிறையில் காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் வெளியே வந்தால், நிக்‌ஷய் பதிவு எண்ணை வைத்து அவர் ஊர் சுகாதார நிலையத்துக்கு மாற்றுகிற வழி இருக்கிறது. அங்கே அவர் மருந்தைத் தொடரலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. யார் ஆட்சியில் வந்த திட்டம் என்பது இங்கே பேச்சு இல்லை. அந்த வேலையைச் செய்கிற செவிலியர், தன்னார்வலர் எல்லாம் ஏற்கெனவே நம் தெருவில்தான் இருக்கிறார்கள். சிறையிலிருந்து வந்தவர் வீட்டுக் கதவை மட்டும் எதற்காக விட்டுவிட்டுப் போக வேண்டும்?

இப்போது அந்த ஸ்டேஷன் கையெழுத்துக்கு வருவோம். கண்டிஷன் பெயில் என்றால் பெரும்பாலும் தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சில சமயம் வெளியூரில் தங்கிப் போடு என்று வேறு உத்தரவு வரும். மருந்து கொடுக்கும் மையத்துக்கும் தினமும் போக வேண்டும், அதுவும் காலையில்தான். ஒரு ஆள் இரண்டு இடத்தில் எப்படி நிற்பார்? கையெழுத்துப் போடாவிட்டால் ஜாமீன் ரத்து. மருந்துக்குப் போகாவிட்டால் கேட்க யாரும் இல்லை. ஆக அவர் எதை விடுவார் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். இதில் வேலையும் தேட வேண்டும். நன்னடத்தைச் சான்று கேட்காத வேலையாகப் பார்க்க வேண்டும். சிறைத்துறையே நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்கில் உள்ளே இருக்கிறவரை நம்பி வேலை கொடுக்கிறோம். நமக்கு அதில் பெருமைதான். வெளியே வந்த பிறகு அதே ஆளை எந்த பங்க்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்?

ஜாமீன் நிபந்தனை நீதிமன்றத்தின் வேலை, அதில் கட்சிகள் மூக்கை நுழைக்க முடியாது. ஆனால் அரசு வழக்கறிஞர் எழுந்து, "இவர் சிகிச்சையில் இருக்கிறார், மையத்தில் போடும் வருகைப் பதிவையே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்ல அரசு அறிவுறுத்தலாம். நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பதவி நம்மிடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் அந்த அலுவலகத்தைப் போய்ப் பாருங்கள். சிறை மீண்டோருக்கு உதவுவதற்கென்றே சங்கமும் இருக்கிறது. தையல் மிஷின் கொடுப்பதோடு இந்த மருந்துத் தொடர்பையும் அவர்கள் கையில் கொடுக்கலாம்.

நாம் கேட்பது இதுதான். சிறைக்குள் நுழைந்த முதல் நாளே குடி, போதை பற்றி டாக்டர் கேட்டு எழுத வேண்டும். அது வழக்கில் சாட்சியாகப் பயன்படாது என்ற உறுதியோடு. மத்திய சிறைகள் ஒவ்வொன்றையும் அந்த ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறையோடு கட்டிப்போட வேண்டும். தேவைப்படுகிறவருக்கு மாற்று மருந்தை உள்ளேயே தொடங்க வேண்டும். ஜாமீன் எந்த நேரம் வந்தாலும் கையில் கொடுத்து அனுப்ப ஒரு சீட்டு தயாராக இருக்க வேண்டும். அதில் எந்த மையம், எந்தத் தேதி, யாரைப் பார்ப்பது, போன் நம்பர் என்ன என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சீட்டின் பிரதி அம்மாவுக்கோ மனைவிக்கோ போக வேண்டும். முதல் பதினைந்து நாளில் யாராவது ஒருத்தர் அந்த வீட்டுக்கு இரண்டு தரமாவது போக வேண்டும். நலாக்சோனை வீட்டுக்குக் கொடுக்க என்ன தடை என்று சுகாதாரத் துறை பதில் சொல்ல வேண்டும். போதை மயக்கத்துக்கு 108 அழைத்தவர்மேல் வழக்கு இல்லை என்று காவல்துறை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் கோபப்பட்ட தோழருக்கு. ஊசிக்குக் காசில்லாமல் ஒருத்தன் செயினைப் பறித்தான், ஒரு அக்கா கீழே விழுந்து மண்டை உடைந்தது. அந்த அக்காவுக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வழக்கு நடக்கட்டும், தண்டனையும் கிடைக்கட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அவன் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறான். அதே நரம்பு, அதே ஏக்கம், அதே காசில்லாத பை. அடுத்த செயின் யார் கழுத்தில் இருக்கிறது? உள்ளே இருந்த நாட்களில் அவனுக்கு வைத்தியம் நடந்ததா இல்லையா என்பது இன்னொரு அக்காவின் பாதுகாப்பும்கூட. இதைப் பேசினால் ஓட்டு விழாது என்று நம்மிடம் சொன்னவர்களும் உண்டு. விழாமல் போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. பயத்தில் பெத்தவங்க முதலில் ஓடுவது தனியார் மறுவாழ்வு மையத்துக்கு. அதில் நல்லதும் உண்டு. கட்டிப்போட்டு அடிக்கிற இடங்களும் உண்டு. சேர்ப்பதற்கு முன்னால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்ட மறுத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். டாக்டர் யார், எந்த நேரம் வருவார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்றும் கேளுங்கள்.

கிளைத் தோழர்களுக்கு: உங்கள் தெருவுக்கு இந்த வாரம் யாராவது ஜாமீனில் வந்திருந்தால், போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். பழைய அளவு இப்போது உயிரை எடுக்கும் என்பதை அவரிடமும் வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால், குறட்டைபோல மூச்சு இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108. போதை மறுவாழ்வுக்கான இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு முதல் நாள் தனியாகப் போக அவர் கூச்சப்படுவார். நீங்கள் கூடப் போங்கள்.